திண்டுக்கல்லுக்கு எத்தனை எழுத்து?

'திண்டுக்கல்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் விரல் மடக்கி எண்ணிச் சொல்லிவிடும்: தி, ண், டு, க், க, ல். ஆறு. அந்த ஒரு சொல்லை மட்டும் ஒரு கோப்பில் தட்டச்சு செய்து சேமித்து, சி மொழியில் எழுதிய சிறு நிரலிடம் எண்ணச் சொன்னால் 33 என்று விடை வரும். நிரலில் ஓரிரு வரிகளை மாற்றி, 'அகல எழுத்து' முறையில் படிக்கச் சொன்னால் 11 வரும். அதே நிரலையும் அதே கோப்பையும் வேறொரு கணினிக்குக் கொண்டுபோனால் சில நேரம் பூஜ்யம்கூட வரும்.

காந்திகிராமத்திலும் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளிலும் ஆண்டுதோறும் பிள்ளைகள் சி மொழி படிக்கிறார்கள். கோப்பைத் திறப்பது, எழுத்தெழுத்தாகப் படிப்பது, மூடுவது எல்லாம் பாடத்தில் உண்டு. பயிற்சிக் கோப்பில் இருப்பது பெரும்பாலும் ஆங்கிலம். அதனால் இந்தப் புதிர் அவர்கள் கண்ணில் படுவதில்லை. வேலைக்குப் போய் ஒரு வாக்காளர் பட்டியலையோ ரேஷன் அட்டை விவரத்தையோ கையாள நேரும்போதுதான் பெயர்கள் உடைந்து, கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் வந்து நிற்கின்றன. நம் ஊர்ப் பிள்ளைகள் நம் ஊர்ப் பெயரைக் கொண்டே இதைப் புரிந்துகொள்ள முடியும் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் 33. கோப்பு என்பது எண்களின் வரிசை. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். அப்படி ஓர் எண்ணுக்கு ஒரு பைட் என்று பெயர். கோப்புக்குள் எழுத்து என்று எதுவும் கிடையாது. 'இந்த எண் வந்தால் இந்த எழுத்து என்று கொள்வோம்' என்ற உடன்பாடு கோப்புக்கு வெளியே, படிப்பவர் மனத்திலோ நிரலிலோ இருக்கிறது. அந்த உடன்பாட்டைக் குறியாக்கம் என்கிறோம். ஆங்கிலத்துக்கு இந்த வேலை எளிது. 26 எழுத்து, அதில் பெரியது சிறியது, பத்து இலக்கம், சில நிறுத்தக்குறிகள். எல்லாம் 128 எண்களுக்குள் அடங்கிவிடும். ஓர் எழுத்துக்கு ஒரு பைட் போதும். அந்த வசதியில்தான் சி மொழி பிறந்தது. 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி அதை உருவாக்கியபோது 'எழுத்து' என்பதும் 'பைட்' என்பதும் ஒன்றே என்று வைத்துக்கொண்டார். மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமான 1985-இலும் சி மொழிக்கு வேறு எழுத்து தெரியாது.

தமிழ் அந்தப் பெட்டிக்குள் அடங்காது. ஒருங்குறி எனப்படும் யூனிகோடின் முதல் பதிப்பு 1991-இல் வந்தபோதே தமிழுக்கு அதில் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன: 2944 முதல் 3071 வரை. 'த' என்பதற்கு 2980, இகரக் கொக்கிக்கு 3007, 'ண' என்பதற்கு 2979, புள்ளிக்கு 3021. இவற்றைக் குறியெண்கள் என்று சொல்லலாம். 2980 என்பது 255-ஐத் தாண்டிய எண். ஒரு பைட்டில் உட்காராது. அதனால் பல பைட்களாகப் பிரித்து எழுத ஒரு முறை வேண்டும். இன்று உலகம் முழுவதும் வழங்கும் முறை யூ.டி.எஃப்-8. 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில், தட்டுக்குக் கீழே விரிக்கும் தாளில் கென் தாம்ப்சன் இதை வரைந்தார். உடன் இருந்தவர் ராப் பைக்.

நிலக்கோட்டைப் பக்கம் பூக்கட்டுகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். நாரில் கண்ணி கண்ணியாகப் பூ ஏறுகிறது. எல்லாம் மல்லிகையாகவே இருந்தால், சரத்தின் நடுவில் ஒரு பூவைத் தொட்டு 'இது எந்தக் கண்ணியைச் சேர்ந்தது' என்று கேட்டால் சொல்வது கடினம். ஒவ்வொரு கண்ணியும் ஒரு கனகாம்பரத்தில் தொடங்கி, அடுத்து மல்லிகை வந்தால்? சரத்தை எங்கே வெட்டினாலும், அடுத்த கனகாம்பரம் வரை தள்ளிவிட்டு அங்கிருந்து ஒழுங்காக எண்ணத் தொடங்கலாம். யூ.டி.எஃப்-8 செய்வது இதையேதான். பைட்தான் பூ, குறியெண்தான் கண்ணி. 128-க்குக் குறைந்த பைட் தனிப்பூ, அது பழைய ஆங்கில எழுத்து. 128 முதல் 191 வரை உள்ளவை தொடர்ந்து வரும் மல்லிகை. 224 முதல் 239 வரை ஒரு பைட் வந்தால் அது கனகாம்பரம். 'என்னையும் சேர்த்து மூன்று' என்று சொல்கிறது. 240-இல் தொடங்கினால் நான்கு.

இதை நம்பச் சொல்லவில்லை, பார்க்கச் சொல்கிறேன். லினக்ஸ் கணினியில் 'ஓ.டி' என்ற பழைய கட்டளை கோப்பிலுள்ள பைட்களை அப்படியே எண்களாகக் கொட்டும். 'திண்டுக்கல்' கோப்பின் மேல் அதை, ஒவ்வொரு பைட்டையும் பதின்ம எண்ணாகக் காட்டச் சொல்லி ஏவினால், 224, 174, 164 என்று தொடங்கும். அடுத்து 224, 174, 191. அடுத்து 224, 174, 163. அடுத்து 224, 175, 141. முதல் மூன்றை நீங்களே பிரித்துப் பார்க்கலாம். 224 'மூன்று' என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுகிறது. 174-இல் 128-ஐக் கழித்தால் 46. 164-இல் 128-ஐக் கழித்தால் 36. 46-ஐ 64-ஆல் பெருக்கி 36-ஐக் கூட்டினால் 2980. அதுதான் 'த'. தமிழ்க் குறியெண்கள் 128-உம் இப்படி 224-இல் தொடங்கும். இரண்டாம் பைட் 174 அல்லது 175. யாரோ அனுப்பிய கோப்பில் 224, 174 என்றும் 224, 175 என்றும் திரும்பத் திரும்ப வந்தால், எழுத்தைப் பார்க்காமலே 'இது யூ.டி.எஃப்-8 தமிழ்' என்று சொல்லிவிடலாம்.

சொல்லில் இருப்பது 11 குறியெண்: த, இகரக் கொக்கி, ண, புள்ளி, ட, உகரக் குறி, க, புள்ளி, க, ல, புள்ளி. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக 33. உங்கள் கோப்பின் அளவு 34 என்று காட்டினால், எழுதுகருவி கடைசியில் ஒரு வரிமுறிவைச் சேர்த்திருக்கிறது. 36 என்றால் முன்னால் 239, 187, 191 என்ற மூன்று பைட் முத்திரை ஒட்டியிருக்கிறது. விண்டோஸ் கருவிகள் சில இதைச் சேர்க்கும். நிரலில் முதல் பெயர் மட்டும் எதனுடனும் பொருந்த மறுத்தால் பெரும்பாலும் இந்த முத்திரைதான் காரணம்.

இனி சி மொழிக்கு வருவோம். கோப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க 'எஃப்-கெட்-சி' என்ற செயற்கூறு இருக்கிறது. பெயரில் எழுத்து என்று இருந்தாலும் அது எடுத்துத் தருவது ஒரு பைட்தான். அதனால்தான் 33. எடுத்ததை சாதாரண எழுத்து மாறியில் போட்டு எண்ணாக அச்சிட்டால், நம் மேசைக் கணினிகளில் 224-க்குப் பதில் கழித்தல் 32, 174-க்குப் பதில் கழித்தல் 82 என்று வரும். முதன்முறை பார்க்கிற மாணவர்கள் திகைத்துப் போவார்கள். அந்த மாறி குறையெண்ணையும் தாங்கும்படி அமைந்திருப்பதால், 127-ஐத் தாண்டிய எண்ணை 256 குறைத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் குறையெண்ணை 'இது எழுத்தா, இலக்கமா' என்று சோதிக்கும் செயற்கூறுகளிடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சி மொழி உத்தரவாதம் தருவதில்லை.

ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்ட சீனமும் ஜப்பானியமும் இந்தச் சிக்கலை முதலில் சந்தித்தன. 1989-இல் வந்த சி தரநிலையில் 'அகல எழுத்து' என்ற புதிய மாறிவகை சேர்ந்தது. ஒரு குறியெண்ணை முழுசாகத் தாங்கும் அளவுக்குப் பெரியதாக இருக்க வேண்டும் என்பது நோக்கம். கோப்பிலிருந்து அகல எழுத்துகளை நேராகப் படிக்கும் செயற்கூறுகள் 1995-இல் வெளிவந்த திருத்தத்தில் சேர்ந்தன. 'எஃப்-கெட்-சி'க்கு இணையாக 'எஃப்-கெட்-டபிள்யூ-சி' ஓர் அகல எழுத்தைத் தரும்; ஒரு வரியை முழுசாக எடுக்க 'எஃப்-கெட்-டபிள்யூ-எஸ்'. கோப்பில் மூன்று பைட், நினைவகத்தில் ஓர் அகல எழுத்து. நடுவில் மாற்றுவது அந்தச் செயற்கூறின் வேலை. லினக்ஸில் அகல எழுத்து ஒவ்வொன்றும் நான்கு பைட் இடம் பிடிக்கும். எனவே வட்டில் 33 பைட்டாக இருக்கும் திண்டுக்கல், நினைவகத்துக்கு வரும்போது 44 பைட்.

மாற்றுவதற்கு எந்த உடன்பாட்டைப் பின்பற்றுவது? செயற்கூறு கோப்பைப் பார்த்து ஊகிப்பதில்லை. 'வட்டார அமைவு' என்ற ஒன்றைக் கேட்கிறது. எந்தச் சி நிரலும் தொடங்கும்போது 'சி' என்றே பெயர் கொண்ட மிகக் குறைந்த வட்டார அமைவில்தான் தொடங்கும். அதில் அடிப்படை ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமே உத்தரவாதம். 224 வந்ததும் பல கணினிகளில் செயற்கூறு 'இது எனக்குப் புரியாத வரிசை' என்று கைவிட்டுவிடும். விடை பூஜ்யம் ஆவது இங்கேதான்.

தீர்வு ஒரே வரி. நிரலின் தொடக்கத்தில் 'செட்-லோக்கேல்' என்ற செயற்கூறை, வெற்றுச் சரத்தைக் கொடுத்து அழைக்க வேண்டும். 'இந்தக் கணினியின் சொந்தக்காரர் எந்த அமைவை வைத்திருக்கிறாரோ அதை எடுத்துக்கொள்' என்று அதற்குப் பொருள். தமிழைப் படிக்க இந்திய–தமிழ் அமைவுதான் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. அமெரிக்க ஆங்கில அமைவாக இருந்தாலும் அதன் வாலில் யூ.டி.எஃப்-8 என்று இருந்தால் தமிழ் நன்றாகவே படிக்கும். இங்கே நமக்கு வேண்டியது குறியாக்கம் மட்டும்; தேதியை எப்படி எழுதுவது, எந்த வரிசையில் அடுக்குவது என்பவையெல்லாம் அமைவின் மற்றப் பகுதிகள்.

அந்த வரியை எங்கே எழுதுகிறோம் என்பதும் முக்கியம். சி மொழியில் திறந்த கோப்பை 'ஓடை' என்று வைத்துக்கொள்கிறார்கள்: ஒரு முனையிலிருந்து பைட்கள் வந்துகொண்டே இருக்கும். புதிதாகத் திறந்த ஓடைக்கு எந்தச் சார்பும் இல்லை. அதன்மேல் முதலில் செய்யும் வேலை பைட் படிப்பதாக இருந்தால் அது பைட் ஓடை. அகல எழுத்துப் படிப்பதாக இருந்தால் அகல ஓடை. ஒருமுறை சாய்ந்தபின் மூடித் திறக்காமல் மாற்ற முடியாது. அகலமாகச் சாயும் அந்தக் கணத்தில் எந்த வட்டார அமைவு இருந்ததோ அதுவே அந்த ஓடையோடு ஒட்டிக்கொள்ளும். பாதி படித்தபின் அமைவை மாற்றினால் பயனில்லை. இந்த விதி திரைக்கும் பொருந்தும், ஏனென்றால் சி மொழிக்குத் திரையும் ஓர் ஓடைதான். ஒரே நிரலில் 'பிரிண்ட்-எஃப்' கொண்டு ஒரு தலைப்பையும் 'டபிள்யூ-பிரிண்ட்-எஃப்' கொண்டு தமிழ்ப் பெயரையும் அச்சிட்டால், லினக்ஸில் முதலாவது மட்டும் வரும். இரண்டாவது சத்தமில்லாமல் காணாமல் போகும். பிழைச் செய்தியும் வராது. எங்கே தவறு என்று தேடி மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் இந்த ஒரு விதியை அறிந்திருந்தால் போதும்.

சத்தமில்லாமல் தவறுவது என்றதும் எனக்கு அதிகம் கவலை தருவது வேறொன்று. 'எஃப்-கெட்-டபிள்யூ-சி' கோப்பு முடிந்துவிட்டால் ஒரு தனி மதிப்பைத் திருப்பித் தரும். மாற்ற முடியாத பைட் வரிசையைச் சந்தித்தாலும் அதே மதிப்பைத்தான் தரும். 'அந்த மதிப்பு வரும்வரை படி' என்றுதான் பெரும்பாலான புத்தகங்களில் சுழற்சி எழுதப்பட்டிருக்கிறது. பத்தாயிரம் பெயர் உள்ள பட்டியலில் மூவாயிரமாவது பெயரில் ஒரே ஒரு பைட் கெட்டிருந்தால், நிரல் அங்கேயே 'கோப்பு முடிந்தது' என்று நிறுத்தி, மகிழ்ச்சியாக மொத்தத்தை அச்சிடும். மீதி ஏழாயிரம் பேர் பட்டியலில் இல்லாதவர்கள் ஆகிவிடுவார்கள். சுழற்சி முடிந்ததும் 'எஃப்-எரர்' என்ற செயற்கூறைக் கேட்டு, முடிந்து நின்றதா இடறி நின்றதா என்று தெரிந்துகொள்வது அவசியம். இதை விருப்பப் பாடமாக நான் கருதவில்லை. மக்களின் பெயரைத் தொடுகிற நிரலில் இந்தச் சோதனை இல்லாவிட்டால் அது முடிக்கப்படாத நிரல்.

வரியாகப் படிக்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். பைட் முறையில் வரியை எடுக்கும் செயற்கூறிடம் 12 இடம் கொண்ட பாத்திரத்தைக் கொடுத்தால், முடிவுக்குறிக்கு ஒன்று போக 11 பைட்டை நிரப்பும். மூன்று கண்ணி முழுசாக வந்து, நான்காவது கண்ணியில் இரண்டு பூ மட்டும் வந்திருக்கும். 'திண' தெரியும், புள்ளியின் 224-உம் 175-உம் இங்கே, 141 அடுத்த துண்டில். இரண்டு துண்டையும் தனித்தனியாக மொழிபெயர்த்தால் இரண்டுமே பிழை. இதற்கென்றே பாதி வந்ததை நினைவில் வைத்துக்கொண்டு, மீதி வந்ததும் சேர்த்துத் தரும் செயற்கூறுகளும் அந்த 1995 திருத்தத்தில் வந்தன. அகல முறையில் இந்த வெட்டு நேராது. அங்கே வேறு குழி: 'எஃப்-கெட்-டபிள்யூ-எஸ்' கேட்கும் அளவு அகல எழுத்துகளின் எண்ணிக்கை. 100 அகல எழுத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டு, பழக்கத்தில் பாத்திரத்தின் பைட் அளவைக் கொடுத்தால், லினக்ஸில் 400 என்று போகும். நீளமான வரி வந்தால் பாத்திரம் வழிந்து பக்கத்து நினைவகத்தை அழிக்கும்.

விண்டோஸில் கதை கொஞ்சம் மாறும். அங்கே அகல எழுத்து இரண்டு பைட் மட்டுமே. ஒருங்குறி தொடங்கிய நாளில் 65,536 இடம் உலக மொழிகளுக்கெல்லாம் போதும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் எழுந்த அமைப்பு அது. கோப்பைத் திறக்கும்போதே குறியாக்கத்தையும் சேர்த்துச் சொல்ல மைக்ரோசாஃப்ட் தனி வசதி வைத்திருக்கிறது. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து வட்டார அமைவிலும் யூ.டி.எஃப்-8 என்று கேட்கலாம். திண்டுக்கல்லைப் படிக்க இது போதும். ஆனால் 2019-இல் வந்த ஒருங்குறி 12.0-இல், பழைய தமிழ்க் கணக்குகளின் பின்னக் குறிகள், தானிய அளவைக் குறிகள் முதலாக 51 குறிகள் புதிய தொகுதியாகச் சேர்ந்தன. 320-இல் ஒரு பங்கான முந்திரிக்கும் அதில் இடம் உண்டு; அதன் எண் 73,664. இது 65,536-ஐத் தாண்டியது. கோப்பில் நான்கு பைட்: 240, 145, 191, 128. லினக்ஸில் ஓர் அகல எழுத்து. விண்டோஸில் இரண்டாகப் பிளந்து வரும். நிலக் கணக்கோ கோயில் கணக்கோ எழுதிய ஓலைகளையும் பழைய ஏடுகளையும் கணினியில் ஏற்ற விரும்புகிறவர் ஒரே நிரலை இரண்டு கணினியிலும் ஓட்டினால் வெவ்வேறு எண்ணிக்கை வருவது இதனால்தான். 'ஓர் அகல எழுத்து என்றால் ஒரு குறியெண்' என்பதை எல்லா இடத்துக்கும் பொதுவான விதியாகக் கொள்ளக்கூடாது.

33 எங்கிருந்து வந்தது, 11 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. 11-இலிருந்து 6-க்கு எப்படிப் போவது? இதற்கு அகல எழுத்து உதவாது. ஒருங்குறியில் 'க', 'த' போன்ற அகர உயிர்மெய்க்கு மட்டுமே ஒற்றை எண் உண்டு. மற்ற உயிர்மெய்க்கும் மெய்க்கும் அந்த அடிப்படை எழுத்தின் எண்ணும், அதன்மேல் கொக்கியோ கொம்போ புள்ளியோ இன்னோர் எண்ணும். தமிழுக்கு நல்ல காலம், விதி எளியது. 3006 முதல் 3021 வரை உள்ளவையும் 3031-உம் சார்ந்து நிற்கும் குறிகள். அவற்றை எண்ணாமல் விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணினால் போதும். திண்டுக்கல்லில் அப்படிப்பட்டவை ஐந்து. 11-இல் ஐந்து போக ஆறு. க்ஷ, ஸ்ரீ போன்றவற்றை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்பதை மட்டும் நிரல் எழுதுகிறவர் தீர்மானிக்க வேண்டும். பைத்தான் மொழியில் எழுதுகிறவர்களுக்கு 'ஓப்பன் தமிழ்' என்ற நூலகம் இந்த வேலையை ஆயத்தமாகவே செய்து தருகிறது.

ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே எண் என்று வைத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அப்படியொரு முறையும் இருக்கிறது. தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட 'டேஸ்-16' முறையில் தி, ண், டு என ஒவ்வொன்றுக்கும் தனி எண். அதில் அகல எழுத்தாகப் படித்தால் நேராக 6 வரும். ஆராய்ச்சிக் கணக்குகளுக்கு அது வசதி. ஆனால் அந்த எண்கள் ஒருங்குறியில் தனியார் பயன்பாட்டுக்கென விட்ட பகுதியில் இருக்கின்றன; உலகின் மற்றக் கணினிகளுக்கு அவை தமிழ் என்றே தெரியாது. பிறரோடு பரிமாறிக்கொள்ளும் கோப்புக்கு ஒருங்குறியே சரி என்பது என் கருத்து.

எண்ணிக்கையைவிடத் தேடல் இன்னும் நுட்பமானது. 'நிலக்கோட்டை' என்ற பெயரில் வரும் 'கோ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறிக்கு 3019 என்ற ஒரே எண். அல்லது இரட்டைக் கொம்பு 3015, கால் 3006 என்ற இரண்டு எண். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதல் வகையில் 11 குறியெண், 33 பைட். இரண்டாவதில் 12 குறியெண், 36 பைட். ஒரு விசைப்பலகையில் ஏற்றிய பட்டியலில் இன்னொரு விசைப்பலகையால் தேடினால், கண்ணெதிரே இருக்கும் நிலக்கோட்டை 'இல்லை' என்று வரும். இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருவதை 'இயல்பாக்கம்' என்கிறார்கள். சி மொழியின் சொந்த நூலகத்தில் இதற்கு வழி இல்லை; ஐ.சி.யு. போன்ற வெளி நூலகத்தை நாட வேண்டும்.

கடைசியாக, நம் ஊர் அச்சகங்களிலும் டி.டி.பி. கடைகளிலும் குவிந்து கிடக்கும் பழைய கோப்புகள். கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், ஊர் வரலாறு என்று எத்தனையோ உழைப்பு அவற்றில் இருக்கிறது. ஒருங்குறி பரவுவதற்கு முன் எழுத்துரு ஒவ்வொன்றும் தனக்கென ஓர் உடன்பாடு வைத்திருந்தது. இணையத் தமிழர்கள் கூடி வகுத்த 'டிஸ்கி' 127-க்கு மேலுள்ள பைட்களைத் தமிழுக்குப் பயன்படுத்தியது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை அதில் வெளியிட்டு, பின்பு ஒருங்குறிக்கு மாறியது. டிஸ்கி கோப்பை யூ.டி.எஃப்-8 என்று எண்ணிப் படித்தால் கனகாம்பரம்–மல்லிகை ஒழுங்கு பொருந்தாமல் உடனே பிழை வரும். தவறு தெரிகிறது, திருத்தலாம். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு வேறு மாதிரி. அதில் 'அம்மா' என்பது 109, 107, 59, 107, 104 என்ற ஐந்து பைட். ஐந்தும் ஆங்கில எல்லைக்குள் இருப்பதால் எந்த வட்டார அமைவிலும் எந்தச் செயற்கூறும் பிழையின்றிப் படிக்கும். கிடைப்பது பொருளற்ற ஆங்கில எழுத்து வரிசை. அது பாமினி என்று மனிதர் ஒருவர் சொன்னாலொழிய நிரலுக்குத் தெரிய வழியில்லை. அப்படிப்பட்ட கோப்புகள் கையில் இருப்பவர்கள், எந்த எழுத்துருவில் அடித்தது என்பதையாவது கோப்பின் பெயரிலேயே குறித்து வைக்க வேண்டும். அடித்தவர் நினைவில் மட்டும் இருக்கும் செய்தி அவரோடு போய்விடும்.

அப்படியானால் சி மொழியில் தமிழ்க் கோப்பை எப்படிப் படிப்பது? ஒரே லினக்ஸ் கணினியில் ஓடும் நிரலுக்கு, தொடக்கத்திலேயே வட்டார அமைவைச் சொல்லிவிட்டு அகல எழுத்தாகப் படிப்பது எளிது, சுத்தமும்கூட. பல கணினிகளில் ஓட வேண்டிய நிரலுக்கு, பைட்டாகவே படித்து யூ.டி.எஃப்-8 விதிப்படி நாமே குறியெண்ணாக மாற்றிக்கொள்வது மேல். அந்த மாற்றி முப்பது நாற்பது வரிக்கு மேல் போகாது, எழுதும்போதே பாதிப் பாடம் புரிந்துவிடும். எந்த வழியானாலும் படித்து முடித்தபின் பிழைச் சோதனை இருக்க வேண்டும்.

சி மொழி நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கோப்புப் பயிற்சிக்கு ஆங்கில வாக்கியத்தோடு வேடசந்தூர், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், சின்னாளபட்டி, நத்தம் என்று பத்துத் தமிழ்ப் பெயர் உள்ள கோப்பையும் கொடுங்கள். அதில் ஒரு பெயரின் நடுவே வேண்டுமென்றே ஒரு பைட்டைக் கெடுத்து வையுங்கள். அந்தக் கோப்பில் பத்துப் பெயர் இருக்கின்றன என்று சரியாகச் சொல்லி, எந்தப் பெயர் கெட்டிருக்கிறது என்றும் சொல்லும் நிரலுக்கு மட்டும் முழு மதிப்பெண் கொடுங்கள்.